பம்பு மேல பழி போடறதுக்கு முன்னாடி டேங்கைக் கழட்டுங்க

எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் பழைய லாரி ஒண்ணு ரோட்டுல நின்னுட்டா நாலு தீர்ப்புதான் வரும். ஒண்ணு, "பங்க்ல போட்ட டீசல் சரியில்ல." ரெண்டு, "பில்டரை மாத்து." மூணு, "பம்பு போச்சு, கழட்டு." இந்த மூணுக்கும் காசு கொடுத்து முடிச்ச பிறகும் வண்டி நின்னுச்சுன்னா நாலாவது தீர்ப்பு தயாரா இருக்கும்: "பழைய வண்டின்னா அப்படித்தான், காயலாங்கடையில போடு." இந்த நாலையும் சொல்ற ஆளுங்க யாரும் டீசல் டேங்கைத் திறந்து உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்ததில்ல. அதைப் பத்தித்தான் எனக்குக் கோவம்.

"லாரிக்காரன் பாடு உனக்கென்னய்யா, நீ ரெண்டு ஏக்கர் கரும்பு வச்சிருக்கிறவன்"னு கேட்பீங்க. எனக்குத்தான் பாடு. கட்டிங் ஆர்டர் வந்து, வெட்டாளுங்க வந்து, கரும்பை வெட்டி லோடு ஏத்தினதுக்கு அப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் என் காசு. வெட்டின கரும்பை ஒரு நாளைக்குள்ள அரைச்சிடணும். வெயில்ல கிடந்தா எடை குறையும், சாறுல சர்க்கரையும் குறையும். ஆலை எடை மேடையில ஏறின எடைக்குத்தான் பணம். லாரி நடு ரோட்டுல ஒன்றரை நாள் நின்னா வாடகையை லாரிக்காரர் விட்டுக்கொடுக்கலாம், காய்ஞ்ச எடையை எனக்கு யாரு கொடுப்பாங்க? அதனால டேங்குல துரு புடிச்சா அது லாரிக்காரரோட சொந்த விஷயம் இல்ல. கரும்பு போட்டவன் எல்லாருக்கும் அதுல பங்கு இருக்கு.

எங்க ஊர்ல கரும்பு ஏத்தற லாரிங்க பாதிக்கு மேல பழசு. மூக்கு வச்ச டாட்டா 1210 இன்னும் ஓடுது. லேலண்ட் காமெட்டும் ஒண்ணு ரெண்டு கிடக்கு. டாட்டாக்காரங்க 1954ல ஜெர்மனியோட டைம்லர் பென்ஸ் கம்பெனிகிட்ட ஒப்பந்தம் போட்டு லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. அந்த வம்சத்துல வந்த எஞ்சின்தான் 1210ல இருக்கறது. அதுல கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டீசலும் காத்தும் சரியா போனா ஓடும், போகலைன்னா நிக்கும். இவ்வளவு எளிமையான வண்டிக்கு இத்தனை தப்பான வைத்தியம் நடக்குதேங்கறதுதான் வேடிக்கை.

துரு எப்படி வருதுன்னு முதல்ல பார்ப்போம். கரும்பு லாரி வருசம் முழுக்க ஓடறதில்ல. சீசன் மார்கழி, தைல சூடு புடிச்சு சித்திரை வாக்குல ஓயும். அப்புறம் செங்கல், வைக்கோல்னு அப்பப்போ ஒரு நடை. ஆடி தாண்டினா புளியமரத்தடியிலயே நிப்பாட்டிடுவாங்க. நிப்பாட்டும்போது டேங்குல கால்வாசி டீசல் இருக்கும். மீதி முக்கால்வாசி காத்து. பகல்ல டேங்க் சூடாகும், காத்து விரிஞ்சு மூடி ஓட்டை வழியா வெளிய போகும். ராத்திரி குளிரும், ஈரக்காத்தை உள்ள இழுக்கும். அந்த ஈரம் தகரத்துல வேர்த்து, சொட்டி, அடியில இறங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில இது தினமும் நடக்கும். மூடி வாஷர் பிஞ்சு போயிருந்தா மழைத்தண்ணியே நேரா உள்ள இறங்கும்.

ஒரு லிட்டர் டீசல் 820லேர்ந்து 860 கிராம்தான் இருக்கும், தண்ணி ஒரு கிலோ. அதனால தண்ணி எப்பவும் டீசலுக்கு அடியில போய் உக்காந்துக்கும். அங்க தகரத்தைத் தின்னும். மேல டீசல் படாத சுவர்லயும் துரு பூக்கும். தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுப்பா சளி மாதிரி ஒண்ணு புடிக்கும், அதுலேர்ந்து வர்ற புளிப்பு தகரத்தை இன்னும் அரிக்கும். இது எல்லாம் சேர்ந்ததுதான் டேங்க் அடியில கிடக்கிற மண்டி. ஆறு மாசம் அது பேசாம கிடக்கும். சீசன் வந்து, குண்டும் குழியுமான வண்டிப்பாதையில லோடோட லாரி குலுங்கினதும் எல்லாம் கலங்கி மேல வரும்.

அப்புறம் நடக்கறதைக் கவனிச்சுப் பாருங்க. வண்டி காலையில நல்லா ஸ்டார்ட் ஆகும். காலி வண்டியா இருந்தா ஓடும். லோடு ஏத்தி அரை மணி ஓடினதும், மேடு ஏறும்போது இழுவை குறையும், திக்கும், நின்னுடும். டிரைவர் இறங்கி பீடி புடிச்சு, பத்து நிமிசம் கழிச்சு அடிச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகும். அஞ்சு கிலோமீட்டர் போனதும் மறுபடி நிக்கும். டேங்குக்குள்ள டீசல் உறிஞ்சற குழாய் வாயில துருச்செதிள் வந்து அப்பிக்குது. எஞ்சின் நின்னதும் உறிஞ்சற வேகம் நின்னுடுது, செதிள் தானா கழண்டு கீழ விழுது. அதனாலதான் ஓய்வு கொடுத்தா ஓடுது. பம்பு தேஞ்சு போயிருந்தா பத்து நிமிச ஓய்வுல அது புதுசாயிடுமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி விடை கிடைச்சிடும். கேட்க ஆள் இல்ல.

எங்க தெருக் கடைசியில இருக்கிற லாரிக்காரருக்கு இதே கதைதான் நடந்தது. ஒரே மாசத்துல மூணு தடவை பில்டர் மாத்தினாங்க. அப்புறம் பம்பு போச்சுன்னு சொல்லிக் கழட்டி டவுன்ல பம்பு கடைக்கு அனுப்பினாங்க. பிளஞ்சர் மாத்தி, நாசில் மாத்தி, டெஸ்ட் பெஞ்சுல போட்டு நல்லா இருக்குன்னு சொல்லி வந்தது. ஒரு கறவை மாட்டு வெலை போச்சு. வண்டியில மாட்டி ரெண்டாவது நடையிலயே என் கரும்போட நின்னுச்சு. கடைசியில ஒரு கிழட்டு கிளீனர்தான் டேங்கோட அடி பிளக்கைக் கழட்டினார். முதல்ல வந்தது காபி நிறத்துல தண்ணி. அப்புறம் செதிள் செதிளா துரு. கூடவே எப்பவோ மூடி தொலைஞ்சப்ப அடைச்சு வச்ச துணியோட நார். பழைய பம்புல நெஜமாவே தேய்மானம் இருந்திருக்கலாம். ஆனா அந்தத் தேய்மானத்துக்குக் காரணமான டேங்கை அப்படியே விட்டுட்டு, அதே அழுக்கை புது பிளஞ்சருக்கு ஊட்டினது எந்த ஊரு நியாயம்?

பம்பு என்ன சாமான்னு தெரிஞ்சவங்க இப்படிச் செய்ய மாட்டாங்க. நாம எல்லாரும் மைக்கோ பம்புன்னு சொல்றோமே, அதுக்குள்ள பிளஞ்சருக்கும் அது ஓடற உறைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான். மனுசத் தலைமுடி ஒண்ணோட கனமே ஐம்பது மைக்ரானுக்கு மேல. அந்த இடுக்குல டீசல்தான் எண்ணெய் மாதிரி வழுக்கலும் கொடுக்கணும். அங்க துருப்பொடி போனா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. தண்ணி போனா இன்னும் மோசம், வழுக்கல் போகும், உள்ளேயே துருப் புடிக்கும். "பில்டர் இருக்கே"ன்னு சொல்றாங்க. பில்டர் காவல்காரன் மாதிரி. தினம் நூறு திருடனை நீங்களே வீட்டுக்குள்ள வளர்த்து அனுப்பினா அவன் எத்தனை பேரைப் புடிப்பான்? அடைச்சுக்குவான், இல்ல நுணுக்கமானதை விட்டுடுவான்.

இதைக் கண்டுபுடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், நான் பத்தாவதுதான். ஒரு அஞ்சு லிட்டர் கேன்ல வடிகட்டின சுத்த டீசல் எடுத்துக்கங்க. டேங்குலேர்ந்து பீடு பம்புக்கு வர்ற குழாயைக் கழட்டிட்டு, சுத்தமான டியூப் ஒண்ணை மாட்டி அந்தக் கேன்ல விடுங்க. ரிட்டர்ன் குழாயையும் கேனுக்கே திருப்புங்க. காத்து எடுத்துட்டு, கேனை நல்லா கட்டி வச்சு, எஞ்சினை லோடுல ஓட்டிப் பாருங்க. வண்டி நிக்காம இழுத்தா குத்தம் டேங்குலயோ டேங்குக் குழாயிலயோதான். அப்பவும் நின்னா பீடு பம்பு, பில்டர், பெரிய பம்புன்னு ஒவ்வொண்ணா போங்க. அதோட டேங்க் மூடியையும் பாருங்க. வண்டி நிக்கும்போது மூடியைத் திறந்தா "உஸ்"ஸுன்னு காத்து உள்ள இழுத்தா மூடியோட மூச்சு ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம், ஒரு ஊசியால தீர்ற வேலை. இந்த ரெண்டு சோதனைக்கும் அரை நாள் ஆகாது. இதைச் செய்யாம பம்பைக் கழட்டுன்னு சொல்ற மெக்கானிக்கை நான் மெக்கானிக்குன்னு சொல்ல மாட்டேன்.

பங்க் டீசல் மேல சந்தேகம்னா அதையும் சோதிக்கலாம். டீசல் போடும்போதே ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு ஒரு ராத்திரி அசையாம வைங்க. காலையில அடியில தண்ணியோ மண்டியோ தெரிஞ்சா பங்க்காரர்கிட்ட போய் நில்லுங்க. தெரியலைன்னா அவங்களைத் திட்டறதை நிறுத்துங்க.

டேங்குதான் குத்தம்னு தெரிஞ்ச பிறகு பண்ற அட்டூழியத்தையும் சொல்லணும். உறிஞ்சற குழாய் முனையில இருக்கிற ஜாலியைப் பிச்சுப் போடறாங்க, அடைக்காதாம். அடைக்காது, குப்பை நேரா பீடு பம்புக்குப் போகும். சிலர் பில்டர் உள்ள இருக்கிற காகிதத்தையே எடுத்துட்டு வெறும் கிண்ணத்தை மாட்டி ஓட்டறாங்க. கக்கூஸ் கழுவற ஆசிட்டை டேங்குல ஊத்தறவங்களும் உண்டு. அது துருவைத் தின்னும், கூடவே நல்ல தகரத்தையும் தின்னும். கழுவி முடிச்ச ஒரு மணி நேரத்துல மஞ்சளா புதுத் துரு பூக்கும். இன்னும் சிலர் துரு மேலயே உள்பூச்சு அடிக்கிறாங்க. துருவைச் சுத்தமா எடுக்காம பூசினா அது தோல் மாதிரி உரிஞ்சு, துருச்செதிளை விடப் பெருசா வந்து குழாய் வாயை அடைக்கும். டேங்கையே புதுசா அடிக்கிறேன்னு ஜி.ஐ. தகரத்துல அடிச்சுத் தர்றாங்க. துத்தநாகப் பூச்சும் டீசலும் சேர்ந்தா சோப்பு மாதிரி ஒரு பசை உண்டாகி பில்டரை அடைக்கும். டேங்குன்னா சாதா இரும்புத் தகரம் இல்ல அலுமினியம்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய பாவம் வெல்டிங். "டீசல் தானே, பெட்ரோல் மாதிரி புடிக்காது"ன்னு சொல்லிட்டு காலி டேங்குல நெருப்பு வைக்கிறாங்க. டீசல் நிரம்பின டேங்கை விட காலி டேங்குதான் ஆபத்து. தடுப்புத் தகட்டு மடிப்புலயும் துரு இடுக்குலயும் ஊறிக்கிடக்கிற டீசல், வெல்டிங் சூட்டுல ஆவியாகி உள்ள இருக்கிற காத்தோட கலக்கும். அப்புறம் ஒரு பொறி போதும், டேங்க் குண்டு மாதிரி வெடிக்கும். வெல்டர் பையன் முகத்துக்கு நேரா வெடிக்கும். துரு கரைய பெட்ரோல் ஊத்திக் கழுவிட்டு அப்படியே வெல்டிங்குக்கு அனுப்பறவங்களை என்னன்னு சொல்றது? பெட்ரோல் மைனஸ் நாப்பது டிகிரி குளிர்லயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடற சாமான். ஓட்டை அடைக்கணும்னா வெந்நீரும் சோப்பும் போட்டு பல தடவை கழுவி, ஆவி புடிச்சு, அப்புறம் ஓட்டை இருக்கிற இடம் வரைக்கும் தண்ணி நிரப்பி, மூடியையும் மத்த துளையையும் திறந்து வச்சு, அனுபவம் உள்ள ஆளை வச்சு அடைக்கணும். அதுக்கு நேரம் இல்லைன்னு சொல்ற பட்டறையில டேங்கைக் கொடுக்காதீங்க. எந்தக் கரும்பு லோடும் ஒரு பையனோட கண்ணுக்கு ஈடு இல்ல.

சரியான வேலை கஷ்டம் இல்ல, பொறுமைதான் வேணும். பேட்டரி வயரைக் கழட்டுங்க. வண்டியை ஒரு ராத்திரி அசையாம விட்டு, காலையில அடி பிளக்கைத் திறந்து தண்ணியையும் மண்டியையும் தனியா புடிங்க. மீதி டீசலைச் சுத்தமான கேன்ல வாங்கி ரெண்டு நாள் தெளிய விட்டு, மேல் டீசலை மட்டும் நெருக்கமான துணியில வடிச்சு வைங்க. டேங்கை இறக்கி, மிதவையையும் உறிஞ்சற குழாயையும் கழட்டுங்க.

முதல்ல வெந்நீரும் துணி சோடாவும் ஊத்தி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கணும். பிசுக்கு இருந்தா அடுத்து ஊத்தறது துரு மேல படாது. அப்புறம் சோப்புத் தண்ணியோட ஒரு துண்டு இரும்புச் சங்கிலியை உள்ள விட்டு, டேங்கை நாலு பக்கமும் உருட்டிக் குலுக்கணும். உலர்ந்த டேங்குல சங்கிலியைப் போட்டுக் குலுக்காதீங்க, பொறி வரும். ஜல்லி, நட்டு போட்டா எத்தனை போட்டோம்னு எண்ணி வச்சு எண்ணி எடுக்கணும், தடுப்புத் தகட்டுல போய் மாட்டிக்கும். சங்கிலின்னா ஒரு முனையைப் புடிச்சு இழுத்தா மொத்தமும் வந்துடும்.

செதிள் போன பிறகு ஒட்டியிருக்கிற துருவுக்கு எலுமிச்சை உப்பு போதும், மளிகைக் கடையில சிட்ரிக் ஆசிட்டுன்னு கேட்டா கொடுப்பாங்க. லிட்டருக்கு 50லேர்ந்து 100 கிராம் வெந்நீர்ல கரைச்சு ஊத்தி, டேங்கை ஒவ்வொரு பக்கமா சாய்ச்சு சில மணி நேரம் விடணும். மொத்தம் ஒரு நாள் ஆகும். வாயை இறுக்கி மூடாதீங்க, கேஸ் வரும். பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, கையில உறை போடணும். நம்ம வீட்டுப் பொம்பளைங்க புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்க்கிறாங்களே, அதே தத்துவம்தான். பதமான புளிப்பு கறையை எடுக்கும், உலோகத்தை அவ்வளவா தின்னாது. அப்புறம் துணி சோடாத் தண்ணியில அலசி, நல்ல தண்ணியில அலசி, கம்ப்ரஸர் காத்தும் வெயிலும் வச்சு உடனே காய வைக்கணும். காய்ஞ்ச கையோட ரெண்டு மூணு லிட்டர் டீசலை ஊத்திச் சுழட்டி சுவர் முழுக்க நனைக்கணும். இதைத் தள்ளிப்போட்டா மறுநாளே துரு பூத்துடும்.

டேங்கோட வேலை முடியல. வர்ற குழாய், ரிட்டர்ன் குழாய் ரெண்டையும் காத்து அடிச்சு ஊதணும். பீடு பம்பு ஜாலியையும் கண்ணாடிக் கிண்ணத்தையும் கழுவணும். ரெண்டு பில்டரும் புதுசு, மூடிக்கு நல்ல வாஷர். ஒரு வாரம் ஓடின பிறகு பில்டரை மறுபடி பார்க்கணும், ஏன்னா மிச்சம் மீதி வரும். கழுவின தண்ணியை வாய்க்கால்ல விடாதீங்க, கிணத்தோரம் கொட்டாதீங்க. ட்ரம்ல புடிச்சு வேஸ்ட் ஆயில் எடுக்க வர்ற ஆள்கிட்ட கொடுங்க.

"டேங்கை இறக்கினா மூணு நாள் வாடகை போகுமே"ன்னு லாரிக்கார அண்ணனுங்க சொல்வாங்க. அதனாலதான் சீசனுக்கு முன்னாடி செய்யுங்கன்னு சொல்றேன். மழைக்காலத்துல மரத்தடியில சும்மாதானே நிக்குது? "டேங்கை ரொப்பி நிறுத்தினா ஈரம் வராதுன்னு சொல்றாங்க, அவ்வளவு டீசலுக்கு காசு ஏது"ன்னும் கேட்பாங்க. நியாயம்தான், எனக்கும் தெரியும் அந்தக் கஷ்டம். ரொப்ப முடியலைன்னா மாசம் ஒரு தடவை காலையில அடி பிளக்கைத் திறந்து அரை லிட்டர் வடிச்சு விடுங்க. அதுக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு பழைய பாட்டிலும் போதும். அந்த பிளக்கு எதுக்கு இருக்குன்னே தெரியாத ஓனருங்க எங்க ஊர்ல இருக்காங்க.

மெக்கானிக் தம்பிகளுக்கும் ஒண்ணு சொல்றேன். டேங்கைக் கழுவற வேலையில கமிஷன் கிடையாது, கை நாறும், கௌரவம் குறைச்சல்னு நினைக்கிறீங்க. பம்பு வேலைன்னா பெரிய வேலை, பெரிய பில்லு. ஆனா அந்த பில்லு லாரிக்காரர் பாக்கெட்டுலேர்ந்து மட்டும் வரல. அடுத்த வருசம் வாடகையில ஏத்தி எங்ககிட்ட வாங்கறாங்க. டேங்க் கழுவினதுக்கு நியாயமான கூலி கேளுங்க, நாங்களே சேர்ந்து வாங்கித் தர்றோம்.

கரும்பு போட்டிருக்கிற என் மாதிரி ஆளுங்களுக்குக் கடைசியா. லாரி பேசும்போது டயரைத் தட்டிப் பார்க்கிறோம், வாடகையை ரெண்டு நாள் இழுத்துப் பேசறோம். இந்தத் தடவை இன்னொண்ணும் கேளுங்க: "அண்ணே, டேங்க் எப்ப கழுவினீங்க? அடி பிளக்கைத் திறந்து ஒரு பாட்டில் காட்டுங்க." பாட்டில்ல தண்ணி தெரிஞ்சா, கழுவிட்டு வாங்கன்னு சொல்லி அட்வான்ஸைக் கையில வச்சுக்கங்க. கார்த்திகை முடியறதுக்குள்ள இதைக் கேட்டுடுங்க. கட்டிங் ஆர்டர் வந்த பிறகு கேட்டா யாரு காதுலயும் விழாது.